காணாமல் போன நாற்பது பங்கு

நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, ரொம்மெர்ட் வியார்டாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்குக் காப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். நனைந்த மழைக்கோட்டைக் கழற்றவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"பேரு விட்ஸ்கே ஹூக்கெமா. பால் ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பாக்கறேன்," என்றாள். "நான் ஒரு ஆளைக் கொன்னுட்டேன்னு நினைக்கறேன் சார். இன்னும் எத்தனை பேர் சாகப் போறாங்கன்னு தெரியல."

ரொம்மெர்ட் சர்க்கரை ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். முப்பது வருடம் அரசாங்கப் பால் ஆய்வாளராக இருந்தவர். ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் அவர் மூக்கை நுழைக்காத பால் தொட்டி கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு, உணவு சம்பந்தமாக யாருக்காவது விளங்காத ஒன்று நேர்ந்தால் லியூவார்டன் ஊரில் இருக்கும் இந்த வீட்டுக் கதவைத்தான் தேடி வந்தார்கள். உடன் இருப்பவள் தங்கை யெல்ட்யா. இருபது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். இப்போது அண்ணனுக்குக் கார் ஓட்டுகிறாள். அண்ணன் ஒரு கேள்வி கேட்பதற்குள் அவள் ஒன்பது கேட்டுவிடுவாள்.

"கொன்னீங்களா? எதால? யாரை? எப்போ?" என்றாள் யெல்ட்யா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"வைட்டமின் டி."

"மாத்திரைக் கடையில விக்கறதா?"

"அதேதான். அது எண்ணெயில கரையும், தண்ணியில கரையாது. தண்ணியில போட்டா மேல மிதக்கும், பாத்திரத்து ஓரத்துல ஒட்டிக்கும். வயசானவங்க உடம்புல பாதிகூடச் சேராது. பால்ல கேசின்னு ஒரு புரதம் இருக்கு. அதைத் தலைமுடிக் கனத்துல ஆயிரத்துல ஒரு பங்கு இருக்கற உருண்டையாச் சுருட்டலாம். அந்த உருண்டையோட வயித்துக்குள்ள வைட்டமினை ஒளிச்சு வெச்சா, தண்ணியில சமமாப் பரவி நிக்கும். வாரக்கணக்கா வெச்சாலும் அடியில தங்காது. உடம்பும் லேசா எடுத்துக்கும்."

டொக்கும் என்ற ஊருக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் நாற்பது பேர் இந்தப் பானத்தைக் குடிக்கச் சம்மதித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு நாற்பத்திரண்டு புட்டி, நாளுக்கு ஒன்று. வெயில் தலைகாட்டாத ஆறு வாரம் பார்த்து ஆரம்பித்தது. நாலாவது வாரக் கடைசியில் ஹெர்ரே என்ற பழைய படகுக்காரருக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. பிறகு வாந்தி. பிறகு சொந்த மகளையே யாரென்று கேட்டார். திங்கட்கிழமை இறந்துபோனார். அதே மாதிரி இரண்டு பெண்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். அதில் ஒருத்தி கண் திறக்கவில்லை. மூன்று பேர் ரத்தத்திலும் வைட்டமின் டி அளவு கடந்திருந்தது. அது சுண்ணாம்புச் சத்தை ரத்தத்தில் ஏற்றிச் சிறுநீரகத்தை அடைத்துவிட்டது.

"அப்போ புட்டியில மருந்து கூடிப்போச்சு. இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றாள் யெல்ட்யா.

"அதான் இல்லை!" விட்ஸ்கே கோப்பையைக் கீழே வைத்தாள். "புட்டியில அடைக்கும்போதே பத்துப் புட்டியைத் தனியா எடுத்து வைப்போம். நாலு பெட்டிக்கு ஒரு புட்டி. பத்தையும் மூணு தடவை சோதிச்சேன். ஒரு புட்டிக்கு நூறு பங்கு வைட்டமின்னு கணக்கு. இருக்கறது அறுபதுதான். குறைவா இருக்கு சார்! குறைவாக் குடிச்சவங்க எப்படி மிஞ்சிப்போய்ச் சாவாங்க?"

ரொம்மெர்ட் முதல்முறையாக வாயைத் திறந்தார். "குறைஞ்சது எதனாலன்னு நினைச்சீங்க?"

"வெளிச்சம் பட்டிருக்கும்னு. வைட்டமின் வெளிச்சத்துல கெட்டுடும்."

"பத்துலயும் ஒரே அளவாவா குறைஞ்சிருக்கு?"

"அறுபது, அறுபத்தொண்ணு, அம்பத்தொம்பது. அவ்வளவுதான் வித்தியாசம்."

"வெளிச்சம் இவ்வளவு ஒழுங்காத் திருடாதும்மா," என்றார் ரொம்மெர்ட்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து எல்லாருக்கும் நிறுத்திட்டோம். மிச்சப் புட்டிங்களைத் திருப்பி வாங்கிட்டோம். நாளைக்கு போலீஸ் வர்றாங்க. எங்க தலைவர் டோல்ஸ்மா, என் கணக்குதான் தப்புன்னு சொல்றார். தப்புன்னா ஒத்துக்கறேன், ஜெயிலுக்குப் போறேன். ஆனா காரணம் தெரியாம இருக்கே, அதுதான் என்னைத் தின்னுது. எங்கேயோ இன்னும் ஒரு புட்டியை யாரோ திறக்கறாங்கன்னு தோணிக்கிட்டே இருக்கு."

யெல்ட்யா எழுந்து சாவியை எடுத்தாள்.

ஆராய்ச்சிக் கூடத்தின் குளிர் அறையில் மூச்சு புகையாக வந்தது. கோஸ்ஸே டோல்ஸ்மா நெடுநெடுவென்று வளர்ந்தவர், ஐம்பத்தைந்து வயது, இந்த உருண்டைகளோடு பதினோரு வருடம் வாழ்ந்தவர். வந்தவர்களை மரியாதையாகவே வரவேற்றார். தொழில்நுட்ப உதவியாளன் ஊபே அவரிடம் சாவி வாங்கி அலமாரியைத் திறந்து பத்துப் புட்டிகளையும் வரிசையாக வைத்தான். ஒரே மாதிரிப் புட்டி. ஒரே மாதிரி வெள்ளை மூடி. ஒன்று முதல் பத்துவரை எண் எழுதிய காகிதம்.

"எண்ணெல்லாம் நீ எழுதினதா தம்பி?"

"ஆமா சார்."

"ஏன் பென்சில்ல?"

"இந்தக் குளிர்ல எடுத்து எடுத்து வைக்கும்போது ஈரம் கோத்து மை ஓடிடும் சார். நாங்க எப்பவும் பென்சில்தான்."

ரொம்மெர்ட் குனிந்து பார்த்தார். இரண்டு முதல் பத்துவரை சாய்வான பென்சில் எழுத்து. ஒன்றாம் எண் மட்டும் நீல மையில் எழுதப்பட்டு, ஓரம் கசிந்திருந்தது. அவர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்தில் வைத்தார்.

"சோதனை சரியாத்தான் நடந்திருக்கு," என்றார் டோல்ஸ்மா. "ஆரம்பக் கணக்குலதான் எங்கேயோ கோளாறு. விட்ஸ்கே நல்ல பொண்ணு, ஆனா அவசரக்காரி. பாருங்க, நாலு பேர் படுத்துட்டாங்கங்கறதுக்காகப் பதினோரு வருஷ உழைப்பைக் குப்பையில போடச் சொல்றாங்க."

"நாலா?" என்றாள் யெல்ட்யா. "மூணுன்னு இல்ல சொன்னாங்க?"

"மூணு. மூணுதான். தூக்கமில்லை, வாய் தவறிடுச்சு."

ஊபே கையிலிருந்த புட்டி நழுவி மேசைமேல் உருண்டது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

காரில் ஏறியதும் யெல்ட்யா பொரிந்து தள்ளினாள். "அந்த ஊபே முழிக்கற முழியே சரியில்ல அண்ணே. நான் சொல்றேன், அவன்தான்."

"பயந்தவனெல்லாம் குத்தவாளின்னா, இந்த வண்டியில இருக்கற மூணு பேரையும் உள்ள தள்ளணும். ஆஸ்பத்திரிக்குப் போ."

"உனக்குமா பயம்?"

"எனக்குத்தான் ரொம்ப. நூறு போட்ட இடத்துல அறுபது இருக்கு. நாற்பது ஆவியாப் போகல. அது எங்கேயோ போயிருக்கு."

ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு பெண்களில் கண் திறந்திருந்தவள் ஆன்ட்யே; எண்பத்து நாலு வயது. கையில் ஊசி, மூக்கில் குழாய். ஆனால் மூன்று நாளாக உள்ளே ஏறிய உப்புநீர் அவள் நாக்கை அவளிடம் திருப்பிக் கொடுத்திருந்தது.

"வந்துட்டியா விஷக்காரி?" என்று விட்ஸ்கேயைப் பார்த்துச் சொன்னாள். விட்ஸ்கே பின்வாங்கியதும் கிழவி கையை நீட்டினாள். "அட, சும்மா சொன்னேன்டி. உக்காரு. ருசியா இருந்துதேன்னு நானே நக்கி நக்கித்தானே குடிச்சேன்."

"ருசியா இருந்துதா?" என்றார் ரொம்மெர்ட்.

"கெட்டியா இருக்கும். அடியில மணல் மாதிரி நெருநெருன்னு கொஞ்சம் தங்கும். சத்தெல்லாம் அங்கதான் இருக்குன்னு விரலை விட்டு வழிச்சுடுவேன். என் அறைக்காரிக்கு வந்தது வெறும் தண்ணி. பாவம்னு நினைச்சேன்."

விட்ஸ்கே எழுந்துவிட்டாள். "அடியில தங்குச்சா? தங்கவே கூடாதே!"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிப் புட்டிதானே வந்தது?" என்றார் ரொம்மெர்ட்.

"புட்டி ஒண்ணுதான். மூடிதான் வேற. அதை என்னைக் கேளு, வேற யாருக்கும் தெரியாது." கிழவிக்குப் பெருமை வந்துவிட்டது. "கண்ணு தெரியாதவங்களுக்கு வழிகாட்டற நாயைப் பழக்கறாங்கல்ல, அந்தச் செலவுக்கு வித்துக் குடுக்க நான் பிளாஸ்டிக் மூடி சேக்கறேன். கூடத்துல பெரிய ஜாடி வெச்சிருக்கேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே போய் வாங்குவேன். எல்லாருக்கும் வெள்ளை. எனக்கும் ஹெர்ரேக்கும் நீலம். இதோ, கண்ணு தொறக்காமக் கிடக்காளே அடுத்த அறையில, அவளுக்கும் நீலம். நாங்க நீலக் கட்சின்னு சொல்லிச் சிரிப்போம்."

"நாங்க எடுத்து வெச்ச பத்துப் புட்டியில நீலமே கிடையாதே," என்றாள் விட்ஸ்கே மெதுவாக.

ரொம்மெர்ட்டின் குரல் இன்னும் தாழ்ந்தது. "ஆன்ட்யே அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கட்சியில நாலாவது ஆள் உண்டா?"

"இருக்கானே, டூர்க். முரட்டுக் கிழவன். நேத்துகூட ஃபோன் பண்ணி, சீட்டாட்டத்துக்கு ஆள் குறையுது, எப்ப வர்றேன்னு கேட்டான்."

அரை மணி நேரத்தில் அவர்கள் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டூர்க் கூடத்தில் தனியாகச் சீட்டுப் போட்டுக்கொண்டு புகையிலைக்காரக் குரலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எண்பது வயதிலும் காளைமாடு மாதிரி இருந்தார். தாகமில்லை. வாந்தியில்லை. காலையில் மூன்று துண்டு கறுப்பு ரொட்டி தின்றதாகச் சொன்னார்.

யெல்ட்யாவின் முகம் தொங்கிப்போனது. "அப்போ நீல மூடிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லையா அண்ணே?"

ரொம்மெர்ட் கிழவருக்கு எதிரே உட்கார்ந்தார். "டூர்க், அந்தப் பானத்தை நீங்க குடிச்சீங்களா?"

"குடிக்காம? மூடியைக் கேட்டுப் பாருங்க ஆன்ட்யேகிட்ட. தினம் ஒண்ணு குடுத்தேன்."

"மூடியைக் குடுத்தீங்க. நான் பானத்தைக் கேக்கறேன்."

டூர்க் சீட்டுக்கட்டைக் கலைத்தார், அடுக்கினார், மறுபடி கலைத்தார். விட்ஸ்கேயை ஓரக்கண்ணால் பார்த்தார். "பால் சாமான் எனக்கு ஆகாது. வயிறு ஊதிப்போகும். இந்தப் பொண்ணு வந்து கெஞ்சினா, இல்லேன்னு சொல்ல வாய் வரல. கையெழுத்துப் போட்டுட்டேன். கீழே ஊத்த மனசில்லை. அதனால…"

"யாருக்குக் குடுத்தீங்க?"

"நல்லதுக்குத்தான் குடுத்தேன். எலும்பு உறுதியாகும்னு நீங்கதானே சொன்னீங்க? மாரித்துக்குக் குடுத்தேன். எங்களைப் பாத்துக்கற பொண்ணு. ஏழு மாசம் அவளுக்கு. வயித்துப் பிள்ளைக்கு எலும்பு நல்லா வளரட்டுமேன்னு. குடிச்சு முடிச்சதும் மூடியை மட்டும் வாங்கிக்குவேன்."

யெல்ட்யா கார் சாவியைக் கையில் எடுத்தாள்.

"மிச்சப் புட்டியெல்லாம்?" என்றார் ரொம்மெர்ட்.

"போன வாரமே பன்னிரண்டையும் பையில போட்டுக் குடுத்துட்டேன். நேத்து திருப்பிக் கேட்டப்ப தீந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். மூணு நாளா லீவு அவ. வாந்தியாம். மசக்கைன்னு சொன்னா."

"ஏழாம் மாசத்துல மசக்கையா?" யெல்ட்யா ஏற்கெனவே கதவருகே போய்விட்டாள். "வீடு எங்கே? அவ புருஷன் எங்கே?"

புருஷன் வடகடலில் காற்றாலை வேலையில் இருந்தான். வீடு நாலு தெரு தள்ளி. ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. விட்ஸ்கே பின்சீட்டில் உட்கார்ந்து கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனி ஊதா நிறமானது அவளுக்குத் தெரியவில்லை.

முன்கதவு பூட்டியிருந்தது. சமையலறை ஜன்னலின் குட்டைத் திரைக்கு மேலே எட்டிப் பார்த்த யெல்ட்யா, ஒரு வார்த்தையும் பேசாமல் பின்பக்கம் ஓடினாள்.

மாரித் குளிர்பெட்டியின் மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் ஐந்து காலிப் புட்டிகள் உருண்டு கிடந்தன. ஆறாவது அவள் கையில் இருந்தது; அதை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

யெல்ட்யா பாய்ந்து புட்டியைப் பிடுங்கினாள்.

"குடுங்க… தாகம்," என்றாள் மாரித். நாக்கு குழறியது. "தண்ணி இறங்கல… இது மட்டும்தான் இறங்குது. பிள்ளைக்கு நல்லது… தாத்தா சொன்னார்."

"எத்தனை குடிச்சே கண்ணு? இன்னிக்கு மட்டும் எத்தனை?"

அவளுக்கு எண்ணத் தெரியவில்லை. யெல்ட்யா அவளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து நாடி பிடித்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். இருபது வருடப் பழக்கம், குரல் ஆடவில்லை. "ஏழு மாசக் கர்ப்பிணி. வைட்டமின் டி விஷம். ரத்தத்துல சுண்ணாம்பு ஏறியிருக்கு. இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கு. குழந்தை டாக்டரையும் தயாரா இருக்கச் சொல்லுங்க. மசக்கைன்னு எவனாவது சொன்னா நான் வந்து அறைவேன்."

விட்ஸ்கே வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ரொம்மெர்ட் குளிர்பெட்டியைத் திறந்து மீதியிருந்த நாலு புட்டிகளை எடுத்தார். நாலுக்கும் நீல மூடி. அடியில் விரற்கடை அளவுக்கு வெள்ளையாக எதுவோ படிந்திருந்தது.

"விட்ஸ்கே, நீங்க இப்ப அழக்கூடாது," என்றார். "இதுல என்ன இருக்குன்னு டாக்டருக்கு உடனே தெரியணும். வேற ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோங்க. உங்க கூடத்துக்கு வேண்டாம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆராய்ச்சிக் கூடத்தின் கூட்ட அறையில் நாலு பேர் காத்திருந்தார்கள். டோல்ஸ்மா கைகளை மேசைமேல் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊபே ஜன்னலோரம். விட்ஸ்கே உடை மாற்றவில்லை. காவல்துறையிலிருந்து வந்த பெண் அதிகாரி குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தாள். ரொம்மெர்ட் உள்ளே வந்து ஒரு நீல மூடிப் புட்டியை மேசை நடுவில் வைத்தார். யெல்ட்யா கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"இந்தப் புட்டியில நானூத்து எழுபது பங்கு இருக்கு," என்றார். "நூறு இருக்கவேண்டிய இடத்துல."

அவர் புட்டியைச் சாய்த்து அடியைக் காட்டினார்.

"விட்ஸ்கே கணக்குத் தப்புன்னா எல்லாப் புட்டியிலயும் ஒரே மாதிரித் தப்பியிருக்கணும். அப்படி இல்லை. முப்பத்தாறு பெட்டியில புட்டிக்கு நாற்பது பங்கு குறையுது. முப்பத்தாறை நாற்பதால பெருக்கி, நாலு பெட்டிக்குப் பிரிச்சுப் பாருங்க. புட்டிக்கு முன்னூத்து அறுபது வருது. ஏற்கெனவே இருக்கவேண்டிய நூறைச் சேத்தா நானூத்து அறுபது, ஏறத்தாழ இந்தப் புட்டியில இருக்கறது. வைட்டமின் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இடம் மாறிப்போச்சு."

"தானா இடம் மாறாது," என்றார் டோல்ஸ்மா. "அந்த உருண்டைங்க அடியில தங்காது. அதுக்காகத்தான் பதினோரு வருஷம்…"

"நல்ல உருண்டை தங்காது. அமிலம் பட்டதுன்னா? பால் திரியற மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கனம் கூடி இறங்கிடும். உள்ள இருக்கற வைட்டமினும் கூடவே இறங்கும். தொட்டியை அமிலம் விட்டுக் கழுவுவீங்க. அதுக்கப்புறம் தண்ணி விட்டு அலசணும்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அலசினியா தம்பி?"

ஊபே சுவரோடு ஒட்டிக்கொண்டான். "ஒரு தடவை அலசினேன் சார். ரெண்டு தடவை அலசணும். பொண்ணுக்குக் காய்ச்சல்னு வீட்டுலேருந்து ஃபோன் வந்தது, போயிட்டேன். மறுநாள் குழாயைத் திறந்தப்ப முதல்ல கெட்டியா வந்தது. குழாய் தொட்டிக்கு அடியில இருக்கு. நாலு பெட்டி நிறைஞ்ச பிறகுதான் தெளிஞ்சது. நான் உடனே சொன்னேன். சத்தியமாச் சொன்னேன்!"

"யாருகிட்ட?"

அவன் கையை நீட்டவில்லை. பார்வை போன இடம் எல்லோருக்கும் தெரிந்தது.

"மூடி எப்படி நீலமாச்சு?"

"போன வருஷ வேலையில மிஞ்சின நீல மூடி ஒரு பை இருந்தது. முதல்ல அதைத்தான் போட்டேன். நாலு பெட்டியோட தீந்துடுச்சு. அப்புறம் வெள்ளை."

"அப்போ நாலு பெட்டிக்கு ஒண்ணுன்னு எடுத்து வெச்ச சோதனைப் புட்டிகள்ல, ஒண்ணாம் எண் புட்டிக்கு நீல மூடி இருந்திருக்கணும்," என்றார் ரொம்மெர்ட். "உங்க அலமாரியில பத்தும் வெள்ளை. ஒன்பது பென்சில் எழுத்து, ஒண்ணு மட்டும் மை. குளிர் அறையில மை ஓடும்னு ஊபேக்குத் தெரியும், விட்ஸ்கேக்குத் தெரியும். வருஷக்கணக்கா சோதனைப் புட்டியைக் கையால தொடாத ஒருத்தருக்கு மட்டும்தான் அது மறந்துபோகும். அலமாரிச் சாவி ரெண்டு பேர்கிட்ட, விட்ஸ்கேகிட்டயும் டோல்ஸ்மாகிட்டயும். விட்ஸ்கேவா இருந்தா, தன்னைக் காப்பாத்தற ஒரே புட்டியைத் தானே ஒளிச்சிருக்க மாட்டாங்க."

டோல்ஸ்மா கோத்த கைகளைப் பிரிக்கவில்லை. "ஊகம்."

"இருக்கலாம். ஆனா நேத்துக் காலையில உலகத்துல எல்லாருக்கும் மூணு நோயாளிதான் தெரியும். மாரித்தோட டாக்டருக்கே அவ நோய் தெரியாது. நீங்க நாலுன்னு சொன்னீங்க. நாலு பெட்டி கெட்டதுன்னு தெரிஞ்ச வாய்க்குத்தான் நாலு வரும். நாலாவது ஆளுக்காக நீங்க காத்துக்கிட்டிருந்தீங்க."

"காத்துக்கிட்டில்ல!" டோல்ஸ்மா சட்டென்று எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "தேடினேன். தினமும் இல்லத்துக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். வேற யாருக்காவது தாகமா, வாந்தியான்னு. இல்லை இல்லைன்னாங்க. நாலு பெட்டியும் கெட்டதுன்னா நாலு பேர் படுத்திருக்கணுமே! ஒருத்தருக்கு ஒண்ணும் ஆகலைன்னா காரணம் வேற எதுவோன்னு…"

"நினைக்க ஆசைப்பட்டீங்க."

"அந்தத் தொட்டியைக் கொட்டியிருந்தா இந்தக் குளிர்காலம் போயிருக்கும். வெயில் வந்துட்டா உடம்பே வைட்டமினைச் செஞ்சுக்கும், சோதனையே செல்லாது. இன்னொரு வருஷம் காத்திருக்கணும். கெட்டியானது வெறும் புரதம்தான்னு நினைச்சேன். தயிரா நினைச்சுக் குடிக்கட்டுமேன்னு…"

"ஒண்ணாம் புட்டியை எப்ப சோதிச்சுப் பாத்தீங்க?"

டோல்ஸ்மா நீல மூடிப் புட்டியைப் பார்த்தார்.

"போன வாரம். வியாழக்கிழமை."

விட்ஸ்கே தலையை நிமிர்த்தினாள். "ஹெர்ரே அப்ப உயிரோட இருந்தார்."

டோல்ஸ்மா மறுபடி உட்கார நாற்காலியைத் தேடினார். அது விழுந்து கிடந்தது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அதிகாரி குறிப்பேட்டை மூடிவிட்டு எழுந்து அவர் பக்கத்தில் போனாள்.

வெளியே மழை விட்டிருந்தது. யெல்ட்யா கார் கதவைத் திறந்தாள். "ஊபேதான்னு நேத்து அடிச்சுச் சொன்னேனே," என்றாள்.

"அவன் பங்கும் இதுல இருக்கு. அது அவனுக்கே தெரியும். இனிமே ஆயிரம் தடவை அலசுவான், பாவம்," என்றார் ரொம்மெர்ட்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் விட்ஸ்கே தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாடி நடையில், மாரித்தின் அறைக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக டூர்க் உட்கார்ந்திருந்தார். மடியில் காகிதப் பை. காலையிலிருந்து அங்கேயே இருப்பதாகத் தாதி சொன்னாள்.

"உள்ள போகலையா?"

"போய் என்ன சொல்றது?" கிழவர் அவளைப் பார்க்கவில்லை. "பிள்ளை இருக்காம். துடிப்பு கேக்குதாம். ஆனா இன்னும் ரெண்டு வாரம் சொல்ல முடியாதாம். நான் என் கையால குடுத்தேன். தினமும் நின்னு அவ குடிச்சு முடிக்கற வரைக்கும் பாப்பேன். மிச்சம் வைக்காதேன்னு அதட்டுவேன்."

விட்ஸ்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் உங்களுக்குக் குடுத்தேன், தாத்தா," என்றாள். "எனக்கும் உள்ள போகக் கால் வரல."

இருவரும் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஏதோ கருவி சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஒலிக்கும் அடுத்தது வருமா என்று விட்ஸ்கேக்கு மூச்சு நின்று வந்தது. அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

"யாரு அங்க குசுகுசுங்கறது?" உள்ளேயிருந்து கம்மிய குரல் கேட்டது. "புகையிலை நாத்தம் இங்க வரைக்கும் வருது. டூர்க் தாத்தாதானே?"

கிழவர் திடுக்கிட்டு எழுந்தார். விட்ஸ்கே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைப் பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. கதவைத் தள்ளிக்கொண்டு இருவரும் ஒன்றாக உள்ளே போனார்கள்.

மாரித் தலையணையில் சாய்ந்திருந்தாள். இரண்டு கையிலும் குழாய். வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை. விட்ஸ்கேயை ஒரு கணம் பார்த்தாள். கோபமா, களைப்பா என்று தெரியவில்லை. பிறகு டூர்க்கின் மடங்கிய கையில் இருந்த பையைப் பார்த்தாள்.

"அதுல என்ன?"

"ஒ… ஒண்ணுமில்ல. ஆரஞ்சு. நாலு ஆரஞ்சு."

"முதல்ல நீங்க ஒண்ணு தின்னுங்க," என்றாள் மாரித். "நான் பாக்கறேன். அப்புறம் யோசிக்கலாம்."

டூர்க் நின்றபடியே பழத்தை உரிக்க ஆரம்பித்தார். சாறு கோட்டில் வழிந்தது. அவர் ஒவ்வொரு சுளையாக, மிச்சம் வைக்காமல், அவள் கண்ணெதிரே தின்றார்.

அவர் தின்று முடித்ததும் மாரித் கையை நீட்டினாள்.